பத்தில் ஓர் அங்குலத்தில் ஒரு பாட்டு

லண்டன் மாநகரின் கீழ்ப்புறத்துச் சந்துகளில் வாழும் ஏழை எளியவர்களின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு, சார்லஸ் மக்கவாய் என்ற ஆங்கில ஆசிரியர் எழுதிய 'தி லைக்ஸ் ஆஃப் ஹர்' என்னும் நாடகம் 1923-ஆம் ஆண்டில் அந்நகரத்து மேடையில் ஏறியபோது, பார்த்தவர்களின் நினைவில் ஆழப் பதிந்து நின்றது எந்தப் பாட்டும் அன்று. பீங்கான் பாத்திரங்கள் உடைந்து நொறுங்கிய ஓசைதான். துடுக்கும் துஷ்டத்தனமும் நிறைந்த ஃபிளாரி என்ற சிறு பெண், தன் உள்ளத்தில் அடைந்து கிடந்த ஆத்திரத்தையெல்லாம் தட்டுகளின்மேலும் கோப்பைகளின்மேலும் காட்டித் தீர்த்துக்கொள்ளும் காட்சி அது. இருபது வயதுகூட நிரம்பாத ஹெர்மயோனி பாட்லி என்ற நடிகை அந்த ஒரு வேடத்தினாலேயே லண்டனில் பெயர் பெற்றுவிட்டார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1931-இல், அதே நாடகம் 'ஸாலி இன் அவர் ஆலி' என்ற பேசும்படமாக வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹென்றி கேரி இயற்றிய பழைய பாட்டொன்றின் தலைப்பைப் படத்துக்குச் சூட்டியிருந்தார்கள். யுத்தத்துக்குப் போன ஜார்ஜ் என்பவன் காயமுற்று முடமாகி, தன்னால் தன் காதலியின் வாழ்வு பாழாகக்கூடாது என்று எண்ணித் தான் இறந்துவிட்டதாக அவளை நம்பவைப்பதும், ஒரு சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்க்கும் அந்த ஸாலி அவனை மறக்கமாட்டாமல் வாழ்ந்துவருவதும், இருவரும் மீண்டும் சேர்வதற்கு ஃபிளாரியின் பொய்கள் இடையூறாக நிற்பதும் ஆகிய கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. ஆனால் மேடையில் நாடகமாக இருந்தது திரையில் பாட்டுப் படமாகிவிட்டது. வில் ஹெயின்ஸ், ஹாரி லியோன், லியோ டவர்ஸ் என்ற மூவர் சேர்ந்து அமைத்த 'ஸாலி' என்ற பாட்டே படத்தின் உயிர்நிலையாயிற்று. ஓர் ஆண்மகன் ஸாலி என்ற பெண்ணை விளித்துப் பாடவேண்டிய அந்தப் பாட்டை அந்த ஸாலியே பாடுகிறாள் என்ற விசித்திரத்தைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்த மாறுதலுக்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு, அது உண்மையுங்கூட. தயாரிப்பாளர் பாஸில் டீனும் இயக்குநர் மாரிஸ் எல்வியும் ஸாலியின் வேடத்துக்குத் தேர்ந்தது கிரேஸி ஃபீல்ட்ஸை. லங்காஷயர் சீமையில் ராச்டேல் என்ற பஞ்சாலை ஊரில் 1898-இல் பிறந்து, சிறு வயதில் ஆலையில் அரைநாள் வேலையும் அரைநாள் படிப்புமாக வளர்ந்து, பிறகு பல்சுவை மேடைகளில் பாடியும் கோமாளித்தனம் செய்தும் இங்கிலாந்து முழுவதும் புகழடைந்த அப்பெண்மணியை முதன்முதலாகத் திரையில் நிறுத்திவிட்டு, அவர் பாடாமல் இருக்கவேண்டும் என்றால் டிக்கெட் வாங்கிய ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஆயினும் இந்தக் காரணம் ஒன்றே போதாது என்பது என் கட்சி. மேடையில் வென்றது பீங்கான் உடையும் ஓசையாகவும், திரையில் வென்றது நீட்டி இசைத்த பாட்டாகவும் அமைந்ததற்கு, பிலிமின் விளிம்பிலே அகலத்தில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கேயான ஒரு கீற்றுக்குள் ஒலி எவ்வாறு அடைபட்டுக் கிடந்தது என்பதும் ஒரு முக்கியமான காரணம். அதை விளங்கிக்கொள்ள, பாடகியின் வாயிலிருந்து புறப்பட்ட நாதம் கொட்டகையில் இருந்தவரின் செவிக்குப் போய்ச் சேர்ந்த வழியைச் சற்றுப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும்.

ஒலி என்பது காற்றிலே உண்டாகும் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. பாடகியின் குரல்நாண்கள் விநாடிக்கு 440 தடவை அதிர்ந்தால், அவரைச் சூழ்ந்த காற்றும் விநாடிக்கு 440 தடவை நெருங்கியும் விலகியும் அசைகிறது. ஒலிவாங்கியினுள்ளே, அசையாத ஓர் உலோகத் தட்டுக்கு முன்னால் மயிரிழை இடைவெளி விட்டு, விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்ட மிக மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருந்தது. காற்றின் அசைவால் அத்தகடு முன்னும் பின்னும் அசைய, இரண்டுக்கும் நடுவேயுள்ள மின்தேக்கும் திறன் அதற்கேற்பக் கூடிக் குறைந்தது. இவ்வகையில் பிறந்த மின்னோட்டம் மிகவும் நலிந்தது. நீண்ட கம்பி வழியே போனால் வழியிலேயே மாய்ந்துவிடும். ஆகையால் அதைப் பெருக்கும் வால்வும் ஒலிவாங்கியோடு ஒரே பெட்டியில் வைக்கப்பட்டு, பாடுகிறவரின் தலைக்குமேல் படச்சட்டத்துக்குள் தெரியாத உயரத்தில் ஒரு நீண்ட கழியின் நுனியில் தொங்கவிடப்பட்டது.

இந்த ஒலிவாங்கிக்கு இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்ற விவேகம் கிடையாது. எல்லாத் திக்கிலிருந்தும் வருவதை ஏறக்குறைய ஒன்றுபோலவே ஏற்றுக்கொள்ளும். மௌனப் படக் காலத்தில் தாராளமாகப் பயன்பட்டுவந்த கரிக்கோல் வில்விளக்குகள் இரைந்தபடியால் அவை விலக்கப்பட்டு, டங்ஸ்டன் இழை கொண்ட பெரிய விளக்குகள் ஏற்றப்பட்டன. கடகடவென்று ஓடும் காமிராவை ஆரம்ப நாட்களில் ஆளோடு சேர்த்துக் கண்ணாடிச் சாளரம் வைத்த ஒரு கூண்டுக்குள் அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர் வெப்பத்தில் வெந்து வெளிவந்தார். தூரம் என்பது இன்னொரு சங்கடம். திறந்த வெளியில் ஒலியின் சக்தி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது: ஒலிவாங்கி இரு மடங்கு தள்ளிப் போனால் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். மேடைக் கலைஞர்களோ, கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கவேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு குரலைப் பழக்கியவர்கள். இரண்டு கஜத்தில் தொங்கும் யந்திரத்துக்கு முன்னால் அவ்வளவு பலம் தேவையில்லை என்பதோடு, அது அபாயமுமாகும். எப்படியென்பது பின்னால் விளங்கும்.

எதிரொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில், பேச்சு விளங்காமல் கசங்கிப்போன ஒரு சொற்பொழிவு மண்டபத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு வாலஸ் ஸபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. ஊரடங்கிய இரவு வேளைகளில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்திய பிறகு அதன் நாதம் செவிக்கு எட்டாமல் ஒடுங்குவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அவர் அளந்தார். மெத்தையில்லாத வெறும் மண்டபத்தில் ஐந்து விநாடிக்கு மேலும் அது சுழன்றுகொண்டிருந்தது. மண்டபத்தின் கொள்ளளவு கூடக்கூட இந்த நேரம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள்கள் கூடக்கூடச் சுருங்கும் என்ற எளிய விதியை அந்த மெத்தைகள் அவருக்குத் தந்தன.

இசைக் கச்சேரிக்கு ஒரு விநாடிக்கு மேற்பட்ட எதிர்முழக்கம் அழகு செய்யும். ஆனால் பேசும்படத்தின் பாட்டு இரண்டு அறைகளில் முழங்குகிறது: பாடப்பட்ட ஸ்டூடியோ ஓர் அறை, கேட்கப்படும் கொட்டகை மற்றோர் அறை. முன்னதன் முழக்கத்தோடு பின்னதன் முழக்கமும் சேர்ந்துகொண்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுமாகையால், ஸ்டூடியோவின் சுவர்களைக் கனத்த கம்பளிகளாலும் தாதுப் பஞ்சினாலும் மூடி, எதிரொலியை ஏறக்குறைய அடியோடு கொன்றுவிட்டார்கள். தம் குரல் கூரையைத் தொட்டுத் திரும்பிவருவதைக் கேட்டுக் கேட்டே சுருதியையும் பலத்தையும் சரிபார்த்துப் பழகிய ஒரு மேடைப் பாடகருக்கு, இந்த ஊமை அறையில் பாடுவது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதைப் பாடத் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, ஒலி ஒளியாகும் இடத்துக்கு வருகிறோம். இதற்கு அந்நாளில் இரண்டு மார்க்கங்கள் இருந்தன. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியாரின் முறையில், ஒரு வலிய காந்தத்தின் நடுவே இரண்டு மெல்லிய உலோக நாடாக்கள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற நுண்ணிய இடைவெளியுடன் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். குரலிலிருந்து வந்த மின்னோட்டம் அவற்றில் பாயும்போது இடைவெளி விரிந்தும் குறுகியும், பின்னாலிருக்கும் விளக்கின் ஒளியை அதிகமாகவும் குறைவாகவும் பிலிமின்மேல் விடும். ஓடும் பிலிமில் இது கறுப்பும் சாம்பலும் வெண்மையுமாக, ஏணிப்படிகள் போன்ற குறுக்குக் கோடுகளாய்ப் பதிந்தது. அமெரிக்க ரேடியோ கார்ப்பொரேஷனாரின் முறையிலோ, ஒரு சிறு கண்ணாடி மின்னோட்டத்துக்கேற்ப அசைந்து, தன்மேல் விழும் ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில் ஆட்டியது. கீற்றின் ஒரு பகுதி முழுக் கறுப்பாகவும் மறுபகுதி தெளிவாகவும் இருக்க, நடுவேயுள்ள எல்லை மலைத்தொடரின் சிகரங்களைப்போல் ஏறி இறங்கியது. அந்த ரேடியோ கார்ப்பொரேஷன் தன் யந்திரங்களை விற்பதற்கு வழி தேடியதன் விளைவாக 1928-இல் பிறந்ததே ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் நிறுவனம். பாஸில் டீன் கூட்டுச் சேர்ந்ததும் அதனோடுதான்.

இரண்டில் முதல் முறையிலே ரசாயனம் சங்கீத வித்துவானாக வந்து உட்கார்ந்துகொண்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் விஷயம். கோடுகளின் சாம்பல் நிறத்தின் ஆழமே ஒலியின் வலிமையைக் குறிப்பதால், ஒளி இருமடங்கானால் பிலிமின் வழியே பின்னர் ஊடுருவும் ஒளியும் சரியாக அதே விகிதத்தில் மாறவேண்டும். இல்லையேல் குரலில் இல்லாத கரகரப்பு குரலில் ஏறிவிடும். பிலிமைக் கழுவித் துலக்கும் திரவத்தின் வெப்பமும், அதிலே ஊறவைக்கும் நேரமும் இந்த விகிதத்தை மாற்றவல்லவை. மூலப் பிலிமின் மாறுபாட்டு எண்ணையும் பிரதியின் மாறுபாட்டு எண்ணையும் பெருக்கினால் ஒன்று வரவேண்டும் என்பது கணக்கு. சிவப்பு விளக்கொளியில் பிலிமைக் கண்ணால் பார்த்தே "போதும், எடு" என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய கைதேர்ந்த துலக்குநர்கள் இந்தக் கணக்கின்முன் நிற்க முடியவில்லை. வெப்பமானியும் கடிகாரமும் அடர்த்தி அளக்கும் கருவியும் அந்த இருட்டறைக்குள் புகுந்தன; தொட்டியின் வெப்பம் சற்று ஏறினால், எங்கோ ஒரு கொட்டகையில் ஒரு பாட்டின் குரல் கெட்டது.

இப்பொழுது சில அளவுகளைப் பார்ப்போம். பேசும்படத்தில் பிலிம் விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுகிறது; அடிக்கு 16 சட்டங்களாகையால் விநாடிக்கு ஒன்றரை அடி, அதாவது 18 அங்குலம், சுமார் 46 சென்டிமீட்டர். மூன்று நிமிஷப் பாட்டு ஒன்று 270 அடி பிலிமில் நீண்டு படுத்திருக்கிறது. விநாடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரத்தின் ஒவ்வோர் அதிர்வும் பிலிமில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடத்தைப் பிடிக்கும். கூரிய கண் உள்ளவர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தாலே அந்தக் கோடுகளைப் பார்த்துவிடலாம். ஆனால் 6000 அதிர்வுள்ள ஒலிக்குக் கிடைக்கும் இடம் மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்குதான்.

கொட்டகையில் இந்தக் கீற்றைப் படிப்பது ஒரு மெல்லிய ஒளிக்கோடு. சுடர்விளக்கு ஒன்றின் ஒளியை வில்லைகளின் மூலம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள கோடாகக் குவித்து, ஓடும் பிலிமின் ஒலிக்கீற்றில் விழச் செய்வார்கள். கீற்றின் கருமைக்கும் வெண்மைக்கும் ஏற்றபடி மறுபுறம் வந்து சேரும் ஒளி, ஒளிமின்கலம் என்ற கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் ஸீஸிய உலோகப் பூச்சின்மேல் பட்டு, எலெக்ட்ரான்களை விடுவித்து மின்னோட்டமாகிறது. அதை வால்வுகள் பன்மடங்கு பெருக்க, திரைக்குப் பின்னாலிருக்கும் ஒலிபெருக்கிகள் திரையின் நுண்துளைகளின் வழியே பாடுகின்றன. ஒளிக்கோட்டின் அகலம் பூஜ்யமாக இருந்தால்தான் எல்லா அதிர்வுகளும் பழுதின்றி வரும். பருத்த விரலுக்குச் சரிகையின் இழைகள் தனித்தனியே தட்டுப்படாததுபோல, நெருக்கமான கோடுகள் அந்த ஒளிக்கோட்டுக்கு ஒரே சாம்பலாக மங்கத் தொடங்கும். அதற்கு முன்னரே, பதிவின்போது பிலிமின் பூச்சுக்குள் ஒளி சிறிது பரவி ஓரங்களை மழுக்கிவிட்டிருக்கும்; மூலத்திலிருந்து பிரதியெடுக்கும் யந்திரத்தில் இரு பிலிம்களும் ஒட்டி ஓடுகையில் ஒன்றின்மேல் ஒன்று அணுவளவு வழுக்கி, மிச்சமிருந்த நுணுக்கத்திலும் ஒரு பகுதியை அழித்துவிட்டிருக்கும். இவற்றோடு ஒலிபெருக்கிகளின் குறையும் சேர்ந்து, விநாடிக்கு ஐயாயிரம், ஆறாயிரம் அதிர்வு என்ற வரம்புக்கு மேற்பட்டவையெல்லாம் அந்நாளைய படங்களில் பெரும்பாலும் தேய்ந்தே போயின.

இந்த வரம்பு யாரைப் பாதித்தது, யாரை விட்டுவைத்தது என்று பார்த்தால்தான் நம் விஷயத்துக்கு விடை கிடைக்கிறது. பெண்குரலின் ஆதார ஸ்வரங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 200 முதல் 1000 வரையிலான அதிர்வுகளில் அடங்கிவிடும். அ, ஆ, இ, ஓ என்னும் உயிர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவன, வாயறையின் வடிவத்தால் வலுப்பெறும் சில அதிர்வுப் பட்டைகள். அவையும் மூவாயிரத்துக்குள்ளேயே முக்கியமாக நின்றுவிடுகின்றன. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ஸ, ஷ, ஃப போன்ற உரசொலிகளின் சக்தியோ நாலாயிரத்துக்கு மேலே, எட்டாயிரத்தையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. பீங்கான் உடையும் ஓசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: கண்ணிமைப்பதற்குள் பிறந்து மடியும் அந்த ஓசையின் கூர்மை முழுவதும் உச்ச அதிர்வுகளில்தான் இருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது, எங்கோ ஒரு பலகை தடாலென்று விழுந்த மொட்டைச் சத்தம்.

பேச்சு உயிரும் மெய்யும் சமமாகக் கலந்தது. அதில் பொருளைப் பெரிதும் சுமப்பவை மெய்கள். பாட்டு என்பதோ, உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு நீட்டுவது. ஆகவே பிலிமின் குறுகிய கீற்று எதைத் தின்றதோ அது பாட்டுக்கு அதிக நஷ்டமில்லை. எதைக் காப்பாற்றியதோ அதுவே பாட்டின் மூலதனம். 1931-இல் ஒரு கொட்டகையில், அரைகுறையாக விளங்கிய வசனங்களுக்கு நடுவே பாட்டு தொடங்கியதும் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்றால், அதில் ரசனைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பௌதிகத்துக்கும் உண்டு. கலை விமர்சகர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கலாம். பாடகர் வந்ததால் பாட்டு வந்தது என்று அவர்கள் சொல்லட்டும். யந்திரம் பாட்டுக்கு இணங்கியதால் பாடகர்களைத் தேடிப் போனார்கள் என்று நான் அதைத் திருப்பியும் சொல்வேன்.

கிரேஸி ஃபீல்ட்ஸின் திறமை இங்கே யந்திரத்தோடு ஒத்துப்போகவும் செய்தது, மல்லுக்கு நிற்கவும் செய்தது. தெளிந்த மேல்ஸ்தாயிக் குரலில் உருக்கமாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே, திடீரென்று ஒரு கீச்சுக்குரலில் தாவிச் சபையைச் சிரிக்கவைப்பது அவர் மேடையில் கையாண்ட வித்தை. ஒலிக்கீற்றின் அகலத்துக்கு ஓர் எல்லை உண்டே! குரலின் வலிமை அந்த எல்லையை மீறினால், நாடாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், அல்லது சிகரங்கள் உச்சியில் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இரண்டிலும் கேட்பது கொடுமையான கரகரப்பு. எல்லைக்கு அஞ்சி மிக மெதுவாகப் பதிந்தாலோ, பிலிமின் வெள்ளி மணிகளாலும் அதில் ஒட்டிய தூசியாலும் எழும் ஓயாத இரைச்சலில் குரல் மூழ்கிவிடும். இந்த இரைச்சலைக் குறைக்க, மௌனமான இடங்களில் கீற்றைத் தானே கறுக்கச் செய்யும் உபாயம் ஒன்று அந்த 1930, 31-ஆம் ஆண்டுகளில்தான் வழக்கத்துக்கு வந்தது. மேலே கரகரப்பு, கீழே இரைச்சல். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வெளியில், காதில் ஒலிகேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு குமிழைத் திருகியபடி உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர், பாடுகிறவர் அடுத்த கணம் என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்தவராக இருக்கவேண்டியிருந்தது.

தேய்ந்துபோன மெய்யெழுத்துக்களுக்கு ஈடாகத் திரை வேறொன்றைக் கொடுத்தது. லங்காஷயர் நெசவாலைகளில் தறிகளின் பேரிரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாதாகையால், உதடுகளை மிகைப்படுத்தி அசைத்தும் முகத்தைக் கோணியும் சத்தமில்லாமலே உரையாடுவது அங்கிருந்த தொழிலாளிகளின் வழக்கமாக இருந்தது. வார்த்தையின் பாதியைக் கண்ணால் கேட்பது மனிதருக்கு இயல்பு. செவிக்கு எட்டாத ஃப-வையும் ம-வையும் உதட்டைப் பார்த்தே மூளை நிரப்பிக்கொள்கிறது. மேடையின் கடைசி வரிசைக்காரனுக்குப் பாடகியின் உதடு தெரியாது. திரையிலோ அந்த முகம் ஓராள் உயரத்துக்குமேல் விரிந்து நிற்கிறது. பஞ்சாலை ஊரிலே வளர்ந்து, சொல்லை வாய் நிறைய வடித்துச் சொல்லப் பழகிய முகம் அது.

முகமும் குரலும் ஒரே கணத்தில் சேரவேண்டும் என்பது வேறொரு தொல்லைக்கு வித்திட்டது. இந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், இயக்குநர் ஹிட்ச்காக் ஒரு மேடை நாடகத்தை 'பிளாக்மெயில்' என்ற பேசும்படமாக எடுத்தபோது, கதாநாயகி ஆனி ஒண்ட்ராவின் மத்திய ஐரோப்பிய உச்சரிப்பு லண்டன் பெண்ணின் வேடத்துக்கு ஒவ்வாமற்போகவே, ஜோன் பாரி என்ற நடிகை காமிராவுக்குத் தென்படாத இடத்தில் நின்று வசனத்தைப் பேச, ஒண்ட்ரா அதற்கேற்ப உதட்டை அசைத்தார். பின்னால் குரலை மாற்றி ஒட்டும் வசதி அப்போது கைவசம் இல்லை. ஒலிக்கீற்றை வெட்டி ஒட்டினாலும் ஒட்டுப்போட்ட இடம் ஒளிக்கோட்டைக் கடக்கும்போது 'டப்' என்று ஒலிக்கும். அதை மறைக்க அந்த இடத்தில் கறுப்பு மையால் ஒரு முக்கோணத்தைத் தீட்டிவிடுவார்கள். இவ்வளவு வம்பு எதற்கு என்று, பாட்டைத் துண்டாடாமல் முழுவதும் ஒரே மூச்சில் பாடவைத்து, இரண்டு மூன்று காமிராக்களைப் பல கோணங்களில் ஏககாலத்தில் ஓடவிட்டுப் பிடிப்பது அக்காலத்தில் பலரும் கையாண்ட வழி. அக்காலத்துப் பாட்டுக் காட்சிகளில் மேடையின் மணம் மிஞ்சி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிகச் சிறியதாகத் தோன்றினும் ஒலிப்பதிவாளர்களை நெடுங்காலம் வாட்டிய ஒரு குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. பிலிமின் ஓரங்களில், ஒரு சட்டத்துக்கு நான்கு வீதம் துளைகள் உண்டு; பற்சக்கரம் அவற்றைப் பிடித்துத்தான் பிலிமை இழுக்கிறது. விநாடிக்கு 24 சட்டங்கள் என்றால் 96 துளைகள். ஒவ்வொரு பல்லும் துளைக்குள் நுழைந்து விடுபடும்போது பிலிமுக்கு ஓர் இம்மியளவு உதறல் ஏற்படுகிறது. அதன் பயனாக, 440 அதிர்வுள்ள ஸ்வரம் ஒன்றைப் பாடகி அசையாமல் பிடித்து நின்றாலும், அதன் இருபுறமும் 96 தள்ளி, 344-இலும் 536-இலும் அவர் பாடாத இரண்டு ஸ்வரங்கள் மெல்லியதாகக் கூடவே முளைத்துவிடும். கார்வை மழமழவென்று இல்லாமல் சொரசொரத்துக் கேட்கும். பேச்சில் இது யார் காதுக்கும் தட்டுப்படாது. நீட்டிப் பிடித்த ஸ்வரத்தில்தான் இந்தக் கள்ளம் வெளிப்படும். பாட்டுக்கு இவ்வளவு அனுகூலமாக இருந்த ஒலிக்கீற்று, அதே பாட்டுக்கு வைத்திருந்த வஞ்சனை இது. கனத்த சுழல்சக்கரத்தை ஒலி படிக்கும் உருளையோடு இணைத்து, அதன் ஜடத்துவத்தால் உதறலை விழுங்கச் செய்யும் ஏற்பாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் செம்மையடைந்தன.

ஒளிக்கோடு பிலிமைப் படிக்கும் இடமும், படம் விழும் சாளரமும் ஒன்றாக இல்லாததும் இந்த உதறலோடு சம்பந்தப்பட்டதுதான். சாளரத்தின்முன் பிலிம் நின்று நின்று தாவவேண்டும். ஒலிக்கோ அது ஒரே சீராக வழிந்தோடவேண்டும். ஆகையால் ஒவ்வொரு சட்டத்துக்கும் உரிய ஒலியை, பிலிமில் ஏறக்குறைய 20 சட்டங்கள் முன்தள்ளி அச்சிட்டார்கள். கொட்டகையின் பின்வரிசைக்கு ஒலி போய்ச் சேர்வதற்கே ஓரிரு சட்ட நேரம் ஆகிவிடுமாதலால், உதடும் சொல்லும் முற்றிலும் பொருந்துவது சபையில் ஏதோ ஒரு வரிசைக்கு மட்டுமே வாய்க்கிற பாக்கியம்.

'ஸாலி இன் அவர் ஆலி' பீக்கன்ஸ்ஃபீல்ட் ஸ்டூடியோவில் படமாகிக்கொண்டிருந்தபோது, லண்டனின் மேற்கேயுள்ள ஈலிங்கில் பாஸில் டீனின் கம்பெனியார் புதிதாக ஒரு ஸ்டூடியோவை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் இருந்த படப்பிடிப்புக் கூடங்கள் பெரும்பாலும் மௌனப் படத்துக்காகக் கட்டப்பட்டு, பின்னர் அவசர அவசரமாகக் கம்பளி போர்த்தப்பட்டவை. ஈலிங்கோ அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்தே ஒலியை எண்ணிக் கட்டப்பட்டது. 1931-ஆம் ஆண்டின் கடைசியில் அது திறக்கப்பட்டது. ஸாலியின் வசூல் அந்தக் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது. கிரேஸி ஃபீல்ட்ஸ் தொடர்ந்து அவர்களுக்காகப் படங்களில் நடித்தார்; 1934-இல், ஜே. பி. பிரீஸ்ட்லி கதை எழுதிய 'ஸிங் அஸ் வீ கோ'வில், மூடப்பட்ட ஒரு பஞ்சாலையின் தொழிலாளியாகவே வந்து பாடினார்.

அக்காலத்துப் படங்களை இன்று புதுப்பிப்பவர்கள் ஒலிக்கீற்றைக் கணிப்பொறிக்குள் ஏற்றி, தூசியின் வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார்கள். பற்சக்கரத்தின் உதறலைக்கூடக் கணக்கிட்டுக் குறைக்கிறார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகள் இருந்திருக்கவேண்டிய இடத்தில் அவர்களுக்குத் தட்டுப்படுவது பெரும்பாலும் வெள்ளி மணிகளின் இரைச்சல்தான். அதை எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலே பெருகுமாகையால், அந்தப் பகுதியை வெட்டிவிடுவதே அவர்களின் வழக்கம்.